வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள்: முகம் தெரிந்தது, பொருள் தெரியாதது

ஆங்கிலத்தில் வழக்கொழிந்த பழைய சொற்கள் எவை, அவற்றின் பொருள் என்ன, இன்றைக்கு அவற்றைக் கற்பதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் நிச்சயம் உண்டு. ஆனால் எதை முதலில் கற்பது என்பதில்தான் பலரும் தடம் மாறிவிடுகிறார்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. வழக்கில் உள்ளவை என்று 1,71,476 சொற்களும், வழக்கொழிந்தவை என்று 47,156 சொற்களும் அதில் முழுப் பதிவு பெற்றிருக்கின்றன. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் செத்த சொற்கள்! வழக்கு நின்றுபோனாலும் சொல்லை அந்த அகராதி வெளியே தள்ளுவதில்லை. தலைச்சொல்லுக்கு முன்னால் சிறிய குத்துவாள் குறி ஒன்றைப் போட்டு வைத்துக்கொள்ளும். எந்த ஆண்டில், யார் எழுத்தில் கடைசியாகக் கிடைத்தது என்ற மேற்கோளும் உடன் இருக்கும்.

இத்தனையையும் யாரும் கற்கப் போவதில்லை. பார்த்த மாத்திரத்திலேயே அந்நியமாகத் தெரியும் சொற்களால் பெரிய சங்கடமில்லை. புரியவில்லை என்று நமக்கே தெரியும், அகராதியைப் புரட்டிவிடுவோம். நம்மை ஏமாற்றுபவை வேறு வகை. சொல் இன்றும் புழங்கும், எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நாம் படிக்கும் அந்த வரியில் அதன் பொருள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன பொருளாக இருக்கும். சந்தேகமே வராமல் தவறாகப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். பழைய ஆங்கிலம் படிக்க விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியவை இவைதான் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பாஸ்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். இந்தியக் குடியரசுத் தலைவர் பெயரால், இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' போகவிடுமாறு ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். லெட் என்றால் 'அனுமதி' என்றுதானே படித்திருக்கிறோம்? அப்படியானால் 'அனுமதியோ தடையோ இல்லாமல்' என்று பொருள்படும், அது பொருந்தவே பொருந்தாது. பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், இரண்டு வினைகள் தனித்தனியாக இருந்தன. ஒன்று 'விடு, அனுமதி'. இன்னொன்று 'தடு, மறி'. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் லெட் என்ற ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. நேர் எதிரான இரண்டு பொருளை ஒரே சொல் எத்தனை நாள் சுமக்கும்? 'தடு' தோற்றுப்போனது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடரும் இளவரசனை நண்பர்கள் பிடித்து நிறுத்தும்போது, 'என்னை லெட் செய்பவனை ஆவியாக்கிவிடுவேன்' என்று அவன் சீறுவது இந்தப் பொருளில்தான். இன்று அந்தச் சொல் சட்ட வாசகத்திலும், பந்து வலையில் உரசிவிட்டால் டென்னிஸ் நடுவர் சொல்லும் 'லெட்' என்பதிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் இத்தகைய சொற்களுக்குப் பெரிய சுரங்கம். மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் ஏரோதியாளின் மகள், யோவானின் தலையைத் தனக்கு 'பை அண்டு பை இன் எ சார்ஜர்' தர வேண்டும் என்று கேட்கிறாள். இன்றைய ஆங்கிலத்தில் பை அண்டு பை என்றால் 'பிற்பாடு, மெதுவாக'. சார்ஜர் என்றால் போனுக்கு மின்னேற்றும் கருவி. அன்று பை அண்டு பை என்றால் 'இந்தக் கணமே', சார்ஜர் என்றால் பெரிய தட்டு. நம் பழைய தமிழ் வேதாகமம் 'தாலத்தில்' என்று அதைத் துல்லியமாகச் சொல்கிறது. ப்ரெசென்ட்லி, அனான் ஆகிய சொற்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 'உடனே' என்று பொருள் தந்தவை எல்லாம் மெல்ல மெல்ல 'கொஞ்சம் கழித்து' ஆகிவிட்டன. மனிதர்கள் 'இதோ வந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டுத் தாமதிப்பதன் விளைவு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே பைபிளில் 'சஃபர்' என்றால் அனுமதி. குழந்தைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று இயேசு சொல்லும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான், அங்கே துன்பம் எதுவும் இல்லை. 'ப்ரிவென்ட்' என்றால் முந்திப் போவது. 'கான்வர்சேஷன்' என்றால் பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, நடத்தை என்று கொள்ள வேண்டும். 'குயிக்' என்றால் உயிருள்ளது. பாதரசத்துக்குக் குயிக்சில்வர், அதாவது உயிருள்ள வெள்ளி, என்று பெயர் வந்தது அதனால்தான். 'மீட்' என்றால் இறைச்சி மட்டுமில்லை, உணவு எதுவானாலும் மீட். நம் ஊர் ஆங்கிலத்தில் மிட்டாய் வகைகளுக்கு இன்னும் சொல்லும் ஸ்வீட்மீட்டில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. 'கார்ன்' என்றால் பொதுவாகத் தானியம், இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமை. தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்த 1815 முதல் 1846 வரை நடப்பில் இருந்த கார்ன் சட்டங்களை மக்காச்சோளச் சட்டங்கள் என்று நினைத்துக்கொள்ளும் வரலாற்று மாணவர்கள் உண்டு. ஜூலியட் மாடத்தில் நின்று 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று கேட்பதும் 'எங்கே இருக்கிறாய்' என்ற தேடலாகப் பரவிவிட்டது. வேர்ஃபோர் என்றால் 'ஏன்'. பகைவன் வீட்டுப் பெயரை நீ ஏன் தாங்கியிருக்கிறாய் என்பதே அவள் வேதனை. 'ஏன்' என்று படித்தால்தான் பெயரைத் துறந்துவிடு என்று அவள் அடுத்துச் சொல்வது பொருந்தும்.

மானைக் குறிக்கும் 'டியர்' ஒரு அழகான வழக்கு. பழைய ஆங்கிலத்தில் அது எந்த விலங்குக்கும் பொதுப்பெயர். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வேட்டையில் அதிகம் தேடப்பட்ட விலங்கு மான் என்பதால் பொதுப்பெயர் அதற்கே உரியதாகச் சுருங்கிவிட்டது. சமஸ்கிருத 'மிருக' என்ற சொல்லும் விலங்கு, மான் இரண்டையும் குறித்தது. நாம் மிருகம் என்று பொதுவாகவும், மிருகசீரிஷம் என்று மான் தலையாகவும் இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி 'தௌ'. ஜெபங்களில் கேட்டுப் பழகியதால் இது கடவுளுக்குரிய மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது நம்முடைய 'நீ'. எழுவாயாக வந்தால் தௌ, 'உன்னை, உனக்கு' என்றால் தீ, 'உன்' என்றால் தை. யீயும் யூவும் பலரை அழைப்பதற்கு. 13-ஆம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சுக்காரர் வழக்கத்தைப் பார்த்து, மேலான ஒருவரைப் பன்மையில் அழைக்கும் பழக்கம் ஆங்கிலத்திலும் ஊன்றியது. அதன்பின் தௌ என்பது நெருங்கியவருக்கும், வேலைக்காரருக்கும், பிள்ளைகளுக்கும், திட்டப்படுகிறவருக்கும் உரியதாயிற்று.

அது எத்தனை கூர்மையாகக் காயப்படுத்தியது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. 1603 நவம்பரில் வின்செஸ்டரில், கடலோடியும் கவிஞருமான சர் வால்டர் ராலே மீது ராஜதுரோக விசாரணை நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்டு கோக் ஆத்திரம் தாளாமல், 'ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்' என்று கத்தினார். முதல் தௌ இங்கே வினைச்சொல். 'உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே' என்பது அதன் பொருள். 'என்னை ஒருமையில் பேசிவிட்டார்' என்று இன்றும் புகார் கொடுக்கிற ஊர் நம்முடையது. ராலே என்ன உணர்ந்திருப்பார் என்பது இன்றைய ஆங்கிலேயரைவிட நமக்கு நன்றாகவே புரியும்.

அதே நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், கடவுள் முன் அனைவரும் சமம் என்பதால் நீதிபதியானாலும் பிரபுவானாலும் தௌ என்றே அழைப்போம் என்று பிடிவாதமாக நின்றார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். ஆனால் காலம் மறுபக்கம் ஓடியது. எல்லோருக்கும் யூ என்று மரியாதை கொடுத்துக் கொடுத்து, தௌ பொதுவழக்கிலிருந்தே கழன்றுபோனது. யார்க்‌ஷயர் பேச்சில் 'தா' என்ற வடிவில் அதன் எச்சம் இருக்கிறது.

1611 பைபிளில் கடவுளுக்கும் தௌ, அரசனுக்கும் தௌ, சாத்தானுக்கும் தௌதான். மூல எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை, பன்மை வேறுபாடு இருந்ததால் மொழிபெயர்ப்பாளர்கள் அதை அப்படியே காத்தார்கள். லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோன் பேதுருவிடம் சொல்கிறார்: சாத்தான் 'யூ'வைக் கேட்டிருக்கிறான், நானோ 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன் என்று. முன்னது சீடர்கள் அனைவரையும், பின்னது பேதுருவை மட்டும் குறிக்கிறது. இரண்டையும் யூ என்று போடும் நவீன ஆங்கிலப் பதிப்பில் இந்த நுட்பம் கண்ணில் படாது. தமிழில் 'உங்களை', 'உனக்காக' என்று தெளிவாக நிற்கிறது.

தமிழ் தெரிந்தவருக்குப் பழைய ஆங்கிலம் எளிதாகப் பிடிபடும் இன்னோர் இடம் 'மீதிங்க்ஸ்'. இதை 'நான் நினைக்கிறேன்' என்று எழுதிவிடுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் 'நினை' ஒரு வினை, 'தோன்று' வேறொரு வினை. மீதிங்க்ஸில் இருப்பது இரண்டாவது. அதில் உள்ள 'மீ' நான்காம் வேற்றுமை. அதாவது 'எனக்குத் தோன்றுகிறது', எழுத்துக்கு எழுத்து அதேதான். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்று நாம் சொல்லும் அமைப்பில்தான் அன்றைய ஆங்கிலமும் பசியையும் விருப்பத்தையும் சொன்னது. பின்னர் எல்லாம் 'ஐ' என்ற எழுவாய்க்குக் கீழே வந்துவிட்டன. 'இஃப் யூ ப்ளீஸ்' என்ற தொடர்கூட முதலில் 'அது உங்களுக்குப் பிடித்தமானால்' என்ற கட்டமைப்புத்தான்.

உறவுச்சொற்கள் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. பழைய ஆங்கிலத்தில் தாயுடன் பிறந்த மாமனுக்கு 'ஈஆம்' என்று ஒரு சொல், தந்தையுடன் பிறந்தவனுக்கு 'ஃபேடெரா' என்று வேறு சொல். அத்தைக்கு 'ஃபாது', தாயின் சகோதரிக்கு 'மோட்ரியெ'. பிரெஞ்சிலிருந்து அங்கிளும் ஆன்ட்டும் வந்து நான்கையும் இரண்டாக்கிவிட்டன. அங்கிளின் லத்தீன் மூலம் தாய்மாமனை மட்டுமே குறித்தது, ஆன்ட்டின் மூலம் அத்தையை மட்டுமே குறித்தது. தாய்மாமன் என்ற உறவின் கனம் தெரிந்த நாம், பழைய ஆங்கில வீரகாவியங்களில் அரசனும் அவன் சகோதரி மகனும் தோளோடு தோள் நின்று போரிடுவதைப் படிக்கும்போது, அங்கிள் என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படிப்பது நல்லது.

இவ்வளவு சொற்கள் ஏன் செத்தன? பெரிய காரணம் 1066. ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மன் வில்லியம் வென்றபின் அரசவை, நீதிமன்றம், பெரிய மனிதர் வீடு எல்லாம் பிரெஞ்சு பேசின. படை, மாமன், நீதி, அமைதி என்று துறைதுறையாக உள்ளூர்ச் சொல் போய்ப் பிரெஞ்சுச் சொல் அமர்ந்தது. 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். வழக்கறிஞர்கள் இரு மொழிச் சொல்லையும் இணைத்து எழுதிய பழக்கம் இன்னும் போகவில்லை. 'வில் அண்டு டெஸ்டமென்ட்' என்பதில் வில் உள்ளூர்ச் சொல், டெஸ்டமென்ட் லத்தீன் வழி வந்தது. 'கூட்ஸ் அண்டு சாட்டல்ஸ்' என்பதில் முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு. அந்த வில்தான் நம் ஊர்ப் பத்திர எழுத்தர் கையில் 'உயில்' ஆகியது.

பழியெல்லாம் பிரெஞ்சுக்கே இல்லை. ஆங்கிலத்துக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் சொல் போட்டியிட்டது. இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், 1490-இல் தாம் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைப் பதிந்திருக்கிறார். நெதர்லாந்துப் பக்கம் உள்ள ஸேலாந்துக்குப் புறப்பட்ட வணிகர்கள் தேம்ஸ் ஆற்றில் காற்று இல்லாமல் நின்றுவிட்டார்கள். பசிக்கு ஏதாவது வாங்கலாம் என்று கரையிறங்கினார்கள். ஷெஃபீல்டு என்ற துணி வணிகர் ஒரு வீட்டில் 'மீட்' கேட்டார், குறிப்பாக 'எக்ஸ்' வேண்டும் என்றார். வீட்டுக்காரம்மா, 'எனக்குப் பிரெஞ்சு பேச வராது' என்று சொல்லிவிட்டாள். வணிகருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது, முட்டைதானே கேட்டார். கடைசியில் இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்றதும், 'இப்போது நன்றாகப் புரிகிறது' என்றாள் அந்த அம்மா. ஐரன் என்பதே தெற்கத்தியாரின் பழைய ஆங்கிலச் சொல். எக் என்பது வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்தது. எதை அச்சிடுவது என்று காக்ஸ்டன் தவித்துப்போகிறார். வென்றது எக். ஐரன் சுவடில்லாமல் போயிற்று. மீட் என்றால் உணவு என்பதையும் இந்தச் சம்பவத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அச்சு இன்னொன்றையும் கொன்றது. 'த' ஒலிக்கு ஆங்கிலத்தில் 'தார்ன்' என்று தனி எழுத்தே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுக்களில் அது கிடையாது. கையெழுத்தில் அதன் வடிவம் ஒய் எழுத்தைப் போல இருந்ததால் அதையே மாற்றாகப் போட்டார்கள். பழங்காலப் பாணியில் வைக்கும் கடைப் பலகைகளில் வரும் 'யீ ஓல்டு' என்பதில் உள்ள முதற்சொல் 'தி' மட்டுமே. அன்று யாரும் அதை யீ என்று உச்சரித்ததில்லை.

செத்த சொற்களை உயிர்ப்பிக்க முயன்றவர்களும் உண்டு. ஆறாம் எட்வர்டின் ஆசிரியராக இருந்த ஜான் சீக், லத்தீன் கலப்பில்லாமல் மத்தேயு நற்செய்தியை 1550 வாக்கில் மொழிபெயர்த்தார். நூற்றுக்கு அதிபதியை 'ஹண்ட்ரடர்' என்றார், உயிர்த்தெழுதலைக் 'கெயின்ரைசிங்' என்றார், சந்திரரோகிகளை 'மூண்டு' என்றார். 1573-இல் ரால்ஃப் லீவர் தர்க்க சாஸ்திரத்துக்கு 'விட்கிராஃப்ட்' என்று பெயரிட்டே நூல் எழுதினார். தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஆசை புதிதாக இருக்காது. நம் பக்கம் பல சொற்கள் பள்ளிக்கூடம், செய்தித்தாள் வழியாக வேரூன்றிவிட்டன. சீக்குக்கும் லீவருக்கும் அப்படி ஒரு துணை கிடைக்கவில்லை, கல்விமான்கள் லத்தீனையே பிடித்துக்கொண்டார்கள். விட்கிராஃப்ட் நிலைத்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

பட்டியல்களில் வரும் முற்றிலும் மறைந்த சொற்களையும் நான் வெறுப்பவனல்ல. 'ஓவர்மாரோ' என்றால் நாளை மறுநாள். 1535-இல் வந்த கவர்டேல் பைபிளில் இருக்கிறது. 'எர்யெஸ்டர்டே' என்றால் முந்தாநாள். ஏழு இரவைச் 'சென்னைட்' என்றார்கள், பதினான்கு இரவு இன்னும் ஃபோர்ட்நைட் என்று உயிரோடிருக்கிறது. ஜெர்மானியர் பகலை எண்ணாமல் இரவை எண்ணுவார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்ததற்கு இதுவே எச்சம். 'உஹ்ட்' என்றால் வைகறை. 'உஹ்ட்கெஆரெ' என்றால் வைகறையில் விழித்துக் கிடந்து படும் கவலை. எக்ஸெட்டர் பேராலயத்துக்கு 1072-இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக் அளித்த கையெழுத்துப் பிரதியில், கணவனைப் பிரிந்த ஒரு பெண் பாடும் பாட்டில் அந்தச் சொல் வருகிறது. பழைய ஆங்கில இலக்கியம் முழுவதிலும் அது கிடைப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும்.

ஆனால் பட்டியல்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1604-இல் ராபர்ட் காட்ரி தொகுத்த முதல் ஆங்கில அகராதி முதலாக, அடுத்தடுத்து வந்த கடினச்சொல் அகராதிகளில் லத்தீனைச் செதுக்கிச் செய்த சொற்கள் ஏராளம். அகராதிக்கு வெளியே அவற்றில் பலவற்றை யாரும் சொன்னதுமில்லை, எழுதியதுமில்லை. பிழையால் மட்டுமே பிறந்த சொற்களும் உண்டு. 1934-இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியில் அடர்த்தி என்ற பொருளுடன் 'டோர்டு' என்றொரு சொல் அச்சானது. அடர்த்திக்கு 'டி' என்ற எழுத்தைப் பெரியதாகவோ சிறியதாகவோ போடலாம் என்று எழுதிய குறிப்புச் சீட்டைத் தவறாகச் சேர்த்துப் படித்ததில் பிறந்தது அது. 1939-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே வியப்பூட்டும் சொல் ஒன்றைக் கண்டால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் குத்துவாள் குறிக்குக் கீழே எத்தனை மேற்கோள்கள், எந்தெந்த நூற்றாண்டிலிருந்து என்று பாருங்கள். ஒன்றே ஒன்று, அதுவும் இன்னோர் அகராதியிலிருந்து என்றால் அதை விட்டுவிடலாம்.

கடைசியாக, நம் ஊரில் நேரடியாகக் கைகொடுக்கும் சில. ஆங்கிலத்தில் எழுதிய கிரயப் பத்திரத்தில் வரும் 'விட்னெஸ்ஸெத்' என்பது 'சாட்சி பகர்கிறது'. ஈற்றில் உள்ள 'எத்' பழைய படர்க்கை ஒருமை விகுதி, இன்றைய 'எஸ்' இடத்தில் இருந்தது. 'அன்டூ' என்றால் 'க்கு'. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலக் கடிதங்களைப் படிக்கப் போகிறவர்கள் மூன்று சொற்களை அவசியம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேதிக்குப் பின்னால் 'இன்ஸ்டன்ட்' என்று இருந்தால் கடிதம் எழுதிய அதே மாதம், 'அல்டிமோ' என்றால் அதற்கு முந்தைய மாதம், 'ப்ராக்சிமோ' என்றால் அடுத்த மாதம். பெரும்பாலும் முதல் சில எழுத்துகளோடு சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள். மார்ச் 3-ஆம் தேதியிட்ட கடிதத்தில் '27 அல்ட்' என்று கண்டால் அது பிப்ரவரி 27. இதைக் கவனிக்காமல் மார்ச் என்று குறித்துக்கொண்டால், கடிதம் எழுதிய நாளுக்குப் பின்னால் நடந்த சம்பவத்தை அந்தக் கடிதமே சொல்வதாக ஆகிவிடும்.